வாயு பிடித்த கைக்குழந்தை: ஏப்பத்துக்கு முன்னாடி வாயைப் பாருங்க

மகள் பிறந்து 5-வது வாரம். மன்னார்குடி பக்கம் அம்மா வீட்டில் இருந்தேன். பொழுது சாயும் நேரம் பார்த்து அழ ஆரம்பிப்பாள். முகம் சிவந்து, கை இறுகி, காலை வயிற்றோடு மடக்கி முறுக்குவாள். வயிறு தவில் மாதிரி உப்பியிருக்கும். "வாயுடி" என்பார் அப்பாயி. உடனே ஆளுக்கொரு வைத்தியம். அதில் எது உதவியது, எதை விட்டேன் என்பதை முதல் குழந்தைக்காரிகளுக்காக எழுதுகிறேன்.

முதலில், காற்று உள்ளே போகும் வழி

போன காற்றை எடுக்கத்தான் எல்லாரும் வழி சொல்கிறார்கள். காம்பை மட்டும் பிடித்துச் சப்பினால் பாலோடு காற்றும் போகும். நாக்கைச் சொடுக்குவது போல 'டொக்... டொக்' என்று கேட்பது அதற்கு ஓர் அடையாளம். ஃபேன் சத்தத்தில் எனக்கு அது கேட்கவே இல்லை. ஒரு ராத்திரி கரண்ட் போனபோதுதான் கேட்டது.

குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டட்டும், மூக்கு காம்புக்கு நேராக வரட்டும். காம்பால் மேலுதட்டை லேசாகத் தடவுங்கள். கொட்டாவி விடுவது போல வாய் திறக்கும். அந்த நொடியில் குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். நீங்கள் குனிந்து மார்பைத் திணித்தால் முதுகுவலிதான் மிச்சம். தாடை மார்பில் பதிந்து, கீழுதடு வெளியே மலர்ந்து, காம்பைச் சுற்றிய கருவளையத்தில் கீழ்ப்பக்கம் அதிகமாக வாய்க்குள் இருக்க வேண்டும். வலித்தால் வாயோரத்தில் சுண்டுவிரலை விட்டுப் பிடியை விடுவித்து, மறுபடி முதலிலிருந்து. எனக்கு நாலைந்து நாள் ஆனது.

பால் பீய்ச்சி அடித்துக் குழந்தை திணறினால், சாய்ந்து உட்கார்ந்து கொடுங்கள். குழந்தை கையைச் சப்ப ஆரம்பித்ததுமே எடுத்துப் பால் கொடுத்துவிடுங்கள். அழுது ஓய்ந்த பிள்ளை காற்றைத்தான் முதலில் விழுங்கும்.

ஏப்பம்

தோளில் போட்டோ, மடியில் உட்கார வைத்துத் தாடையைத் தாங்கியோ முதுகை நீவுங்கள். ஐந்து நிமிஷம் போதும், வராவிட்டால் விடுங்கள். நான் விடாமல் அரை மணி நேரம் தட்டி, குடித்த பால் முழுக்க என் தோளில் வந்தது. சண்டிகரில் 71 தாய்-சேய் ஜோடிகளை வைத்துச் செய்த ஆய்விலும், ஏப்பம் எடுக்க வைத்ததால் அழுகை குறையவில்லை, கக்குவதுதான் கூடியது.

வயிற்றை நீவுதல்

பால் குடித்து அரை மணியாவது போகட்டும். உள்ளங்கையில் ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய். குழந்தையின் வலது அடிவயிற்றில் தொடங்கி, மேலே போய், தொப்புளுக்கு மேல் குறுக்கே வந்து, இடது பக்கம் கீழே இறங்குங்கள். பெருங்குடல் போகும் பாதை அது. வாய்க்கால் ஓடும் திசையில்தானே தண்ணீரைத் தள்ள முடியும்! பிறகு இரண்டு காலையும் சைக்கிள் மிதிப்பது போல மாற்றி மாற்றி மடக்கி, கடைசியில் சேர்த்து வயிற்றோடு மெதுவாக அழுத்தினால் 'புர்ர்'. வீடே சிரிக்கும்.

அப்படியும் அழுதால் முன்னங்கையில் குப்புறக் கிடத்தி, தலையை முழங்கை மடிப்பில் தாங்கி, திண்ணைக்கும் கூடத்துக்கும் நடங்கள். தூங்க வைக்கும்போது மல்லாக்கத்தான்.

வாய்க்குள் வேண்டாம்

வசம்பு, உரை மருந்து, ஓமத் தண்ணீர், கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும். தேன் 1 வயது வரை கூடவே கூடாது. வசம்பு அளவு மீறினால் வாந்தியில் கொண்டுபோய் விடும்.

அப்பாயி வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி, விளக்கில் வாட்டி வயிற்றில் போட வந்தார். மறுக்கவில்லை, வாங்கி என் மணிக்கட்டில் வைத்தேன். சுரீர் என்றது. "ஆறட்டும் அப்பாயி" என்றேன். ஆறியபின் அதில் என்ன இருக்கிறது என்று அவரே விட்டுவிட்டார்.

பருப்பு, கிழங்கு சாப்பிட்டால் பாலில் வாயு இறங்கும் என்று தாயைப் பட்டினி போடாதீர்கள். அந்த வாயு நம் குடலோடு சரி. குழந்தையின் மலத்தில் சளியோ ரத்தமோ இருந்தால் மட்டும், டாக்டரிடம் காட்டும்போது நாம் குடிக்கும் மாட்டுப்பால் பற்றியும் கேளுங்கள்.

எப்போது ஓட வேண்டும்

இந்த அழுகை 6-வது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், 3, 4 மாதத்தில் தானாகக் குறையும். ஆனால் பச்சை வாந்தி, பீறிட்டு அடிக்கும் வாந்தி, மலத்தில் ரத்தம், கல்லு மாதிரி வயிறு, பால் மறுப்பது, துவண்டு கிடப்பது, 3 மாதத்துக்குள் 100.4 டிகிரி காய்ச்சல், இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சந்தேகம் கேட்க 104, வண்டிக்கு 108.