பெருங்குடல் புற்றுநோய்: மருத்துவ ஆய்வைத் தேடும் முன்

புதிய சிகிச்சையை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் மருத்துவ ஆய்வில் (கிளினிக்கல் ட்ரயல்) சேர நினைக்கிறீர்களா? முதலில் பயாப்ஸி (திசுப் பரிசோதனை) அறிக்கையைக் கையில் எடுங்கள். நோயின் நிலை, எம்எஸ்ஐ அல்லது எம்எம்ஆர் முடிவு (கட்டியின் செல்கள் டிஎன்ஏ பிழைகளைச் சரிசெய்கின்றனவா என்று காட்டுவது), கேராஸ், என்ராஸ், பிராஃப், ஹெர்2 என்ற மரபணுக்களின் முடிவு ஆகியவை அதில் இருக்கின்றனவா? இல்லையென்றால் மருத்துவரிடம் கேட்டு அந்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். இவை தெரியாமல் தேடுவது வீண் அலைச்சல். எம்எஸ்ஐ-ஹை (அந்தப் பிழைதிருத்தம் பழுதான கட்டி) உள்ளவருக்குப் பொருந்தும் இம்யூனோதெரபி (உடலின் நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் சிகிச்சை) ஆய்வு, எம்எஸ்எஸ் (அந்தப் பழுது இல்லாத கட்டி) உள்ளவருக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

அடுத்து, இதுவரை எடுத்த மருந்துகளைத் தேதியோடு வரிசையாக எழுதுங்கள். பலர் தகுதி இழப்பது இங்கேதான்: ‘முன்பு சிகிச்சை பெறாதவர்’ என்று கேட்கும் ஆய்வில், ஒரு சுற்று கீமோ எடுத்திருந்தாலே இடம் கிடைக்காமல் போகலாம். அதனால் அவசரம் இல்லாத நிலையில், புதிய சிகிச்சை தொடங்கும் முன்பே தேடுங்கள்.

மருத்துவ ஆய்வுகளைப் பட்டியலிடும் கிளினிக்கல்ட்ரயல்ஸ்.கவ் (ClinicalTrials.gov) என்ற அமெரிக்க அரசுத் தளத்தில் நோயின் பெயரோடு மரபணு மாற்றத்தையும் சேர்த்துத் தேடி, ஆள் சேர்த்துக்கொண்டிருக்கும் ஆய்வுகளை மட்டும் வடிகட்டுங்கள். ஒவ்வொரு ஆய்வுக்கும் உள்ள, என்சிடி (NCT) என்று தொடங்கும் 8 இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். தளத்தில் உள்ள விவரம் பழையதாக இருக்கலாம். ஆய்வு மையத்தைத் தொடர்புகொண்டு உறுதிசெய்யுங்கள்.

ஆய்வுகள் கட்டம் கட்டமாக நடக்கும். முதல் கட்டம் முக்கியமாகப் பாதுகாப்பையும் மருந்தளவையும் பார்க்கிறது. இரண்டாம் கட்டம் பலனை. மூன்றாம் கட்டம் வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிடுகிறது. ‘மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கொடுத்துவிடுவார்களோ’ என்ற பயம் நியாயமானதே. ஆனால் பலன் தரும் சிகிச்சை இருக்கும்போது, பொதுவாக அதோடு சேர்த்தே டம்மி மருந்து தரப்படும்.

ஒப்புதல் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். எத்தனை ஸ்கேன், எத்தனை பயாப்ஸி, பக்கவிளைவு வந்தால் செலவு யாருடையது என்று கேளுங்கள். கையெழுத்திட்ட பிறகும், காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.