வாங்காத வீட்டை விற்கும்போது செய்யும் தவறுகள்

வடசென்னையில் தண்டையார்பேட்டையிலோ கொருக்குப்பேட்டையிலோ ஒரு பழைய வீட்டைக் குறைந்த விலைக்குப் பேசி, கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்து, மூன்று மாதத்துக்கு அக்ரிமெண்ட் போட்டுக்கொள்வது. கெடு முடிவதற்குள் அதிக விலைக்கு வேறொரு பார்ட்டியைப் பிடித்து, நேராக அவர் பேருக்கே கிரயம் செய்ய வைத்து, நடுவில் நிற்கும் பணத்தை எடுத்துக்கொள்வது. அமெரிக்காவில் இதற்கு ஹோல்சேலிங் என்று பெயராம். யூடியூபில் பார்த்துவிட்டு வந்து பையன்கள் என்னிடம் கேட்கிறார்கள். நம் ஊர்ப் புரோக்கர்கள் பெயர் வைக்காமலே செய்துவருவதுதான். 2021-ல் மெட்ரோ விம்கோ நகர் வரை ஓட ஆரம்பித்த பிறகு இந்தப் பக்கம் கூடுதலாகவே கண்ணில் படுகிறது.

இந்த வியாபாரத்தின் உயிர் அக்ரிமெண்டில் வரும் ஒரு வரியில் இருக்கிறது: "தங்களுக்கோ தாங்கள் குறிப்பிடும் நபருக்கோ கிரயம் செய்து கொடுக்கச் சம்மதிக்கிறேன்." வீட்டுக்காரருக்கு அதைப் படித்துக் காட்டி அர்த்தம் சொல்லாமல் கையெழுத்து வாங்குவதுதான் பெரிய தவறு. நானும் அதற்கு உடந்தையாக இருந்திருக்கிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஆயாவின் வீடு. 42 லட்சத்துக்குப் பேசி முடித்தது இன்னொரு புரோக்கர், கூட நின்றது நான். பதிவு அன்று பத்திர எழுத்தர் தொகையைச் சத்தமாகப் படித்தார். ஆயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "நாப்பத்திரெண்டுக்குத்தான நைனா பேசினோம்? இதுல அம்பத்தொண்ணுன்னு கீதே?" யாரும் வாய் திறக்கவில்லை. பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கிரயம் நின்றது. அந்தத் தெரு வழியாகப் போக எனக்கு ஒரு வருஷம் ஆனது.

ஆயா கையெழுத்துப் போட்டிருந்தால் இன்னும் மோசம். பத்திரத்தில் விற்பவர் அவர், தொகை 51 லட்சம். வீடு விற்ற லாபத்துக்குக் கட்டும் மூலதன ஆதாய வரிக்குக் கணக்கு அந்தத் தொகையில்தான் தொடங்கும். 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வாங்குகிறவர் விலையில் 1 சதவீதத்தை வரியாக (டிடிஎஸ்) முன்பே பிடித்துக் கட்ட வேண்டும், அதுவும் ஆயாவின் பான் எண்ணில் ஏறும். நம் சட்டைப்பைக்கு வந்த ஒன்பது லட்சத்துக்கு வருமான வரி நோட்டீஸ் அவர் வீட்டுக்குப் போகும். சரி, பத்திரத்தில் 42 என்று போட்டு மீதியைக் கையில் வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள். அது கறுப்புப் பணம், முத்திரைத் தீர்வை ஏய்ப்பு. இன்றைக்கு இங்கே தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம். அதை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பலர் மாட்டுகிறார்கள்.

ஒழுங்கான வழி ஒன்று உண்டு. என் உரிமையை இவருக்கு இவ்வளவு ரூபாய்க்கு மாற்றித் தருகிறேன் என்று தனிப் பத்திரம் எழுதி, வீட்டுக்காரரையும் அதில் கையெழுத்துப் போட வைத்து, நம் பணத்தை நம் பேங்க் கணக்கில் வாங்கி, வரி கட்டுவது. "இதை மேல வச்சுத்தான் விப்பேன், இருக்கிற மூணு மாசத்துல நீங்களும் நாலு பேர்கிட்ட விலை கேளுங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பாதி வீட்டுக்காரர்கள் பின்வாங்குவார்கள்தான். மீதிப் பாதியோடு தொழில் செய்யலாம். சாவு விழுந்து காரியம் முடியாத வீட்டிலும், வட்டிக்காரன் வாசலில் நிற்கும் வீட்டிலும் விலை பேசக்கூடாது என்பது என் கட்சி. பேசினால் விலை குறையும் என்பது எனக்கும் தெரியும்.

அக்ரிமெண்டைப் பதிவு செய்யாமல் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நோட்டரி முத்திரையோடு விடுவது அடுத்த தவறு. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தப் பதிவு கட்டாயம். பதியாதது, சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றில் வராது, அதனால் ஒரே வீட்டுக்கு மூன்று பேர் அக்ரிமெண்ட் வைத்திருப்பார்கள். பதிந்தாலும் வீடு உங்களுடையது ஆகிவிடாது. வாங்க வருகிறவரிடம் "என் வீடு" என்று சொல்லி விளம்பரம் போடுவது பொய். வீட்டுக்காரருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம், அதாவது பவர், வாங்கிவிட்டால் போதும் என்பதும் அப்படித்தான்: பவரும் அக்ரிமெண்டும் கிரயத்துக்கு ஈடாகாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அதுவும் செத்துவிடும்.

அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வருமான வரிச் சட்டப்படி அந்த ரொக்கத்தை வாங்கும் வீட்டுக்காரருக்கு அதே அளவு அபராதம் வரலாம். அந்த ஆயாவைப் போன்றவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

அப்புறம் வடசென்னைக்கே உரிய சிக்கல்கள். 400 சதுர அடி வீட்டுக்கு ஆறு வாரிசு இருப்பார்கள். கட்டிக் கொடுத்த மகள்களின் கையெழுத்து இல்லாமல் பேசி முடித்தால், கிரயத்தன்று திருவொற்றியூரிலிருந்து ஒரு மாப்பிள்ளை ஆட்டோவில் வந்து இறங்குவார். மைனர் பங்கு இருந்தால் கோர்ட் அனுமதி வேண்டும். மனை கோயிலுடையதாக இருந்து கட்டடம் மட்டும் இவர்களுடையதாக இருக்கலாம். அரசு வாரியம் ஒதுக்கிய வீடு என்றால் கிரயப் பத்திரம் கைக்கு வந்ததா என்று பாருங்கள். வெறும் ஒதுக்கீட்டு ஆணையைக் காட்டினால் டீ குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.