ஸ்பேஸ் ஓபரா நாவல் சிபாரிசு: நாம் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

"நல்ல ஸ்பேஸ் ஓபரா ஒன்று சொல்லுங்களேன்" என்று யாராவது கேட்டுவிட்டால் எனக்குக் கை பரபரக்கும். விண்வெளியில் பிரம்மாண்டமாக விரியும் சாகசக் கதைகளைத்தான் அப்படிச் சொல்வார்கள். அலுவலகத் தோழி ஒருவர் கேட்டபோது யோசிக்கவே இல்லை, மறுநாளே 'ஹைப்பீரியன்' நாவலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துப் புத்தகத்தை மேசையில் வைத்தவர், "கதை எங்கே முடிஞ்சுது?" என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டாம் பாகம் என்று ஒன்று இருப்பதை நான் சொல்லவே இல்லை.

டான் சிம்மன்ஸ் 1989-இல் எழுதிய அந்த நாவலில், ஏழு யாத்ரீகர்கள் ஒரு பயங்கரமான இடத்தை நோக்கிப் போகிறார்கள். வழியில் ஒருவர் மாற்றி ஒருவர் தம் கதையைச் சொல்கிறார்கள். போய்ச் சேரும் தறுவாயில் புத்தகம் முடிந்துவிடும். அப்புறம் என்ன ஆயிற்று என்பது அடுத்த ஆண்டு வந்த 'த ஃபால் ஆஃப் ஹைப்பீரியன்' நாவலில்தான் இருக்கிறது. பீட்டர் எஃப். ஹாமில்டனின் 'பண்டோராஸ் ஸ்டார்' நாவலும் இப்படித்தான். 'ஜூடாஸ் அன்செயின்ட்' கையில் இல்லாமல் அதைத் தொடங்கக் கூடாது. ஒரு பாகத்தை மட்டும் கொடுப்பது சாம்பார் சாதத்தோடு இலையை எடுத்துவிடுகிற மாதிரி. இது தனி நாவலா, பாதிக் கதையா என்பதைப் பெயர் சொல்லும்போதே சொல்லிவிட வேண்டும்.

ஆனால் அன்று நான் செய்த பெரிய தவறு அதுவல்ல. அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்காமலேயே கொடுத்ததுதான். 'ஸ்பேஸ் ஓபரா' என்ற பெயரே முதலில் ஒரு வசைச்சொல். 1941-இல் வில்சன் டக்கர் என்ற எழுத்தாளர், அரைத்த மாவையே அரைக்கும் விண்கலக் கதைகளைக் கிண்டல் செய்ய அதை உருவாக்கினார். வானொலியில் வந்த அழுகாச்சித் தொடர்களை 'சோப் ஓபரா' என்பார்கள், அந்த வழியில் வந்த பெயர். வசையாகப் பிறந்த சொல் இன்று பெருமைக்குரிய முத்திரையாகிவிட்டது. கூடவே அளவுக்கு மீறி அகலமாகவும் ஆகிவிட்டது. பேரரசு அரசியல் வேண்டுமா, கடற்படை மாதிரியான போர் வேண்டுமா, கப்பலில் ஒரு குடும்பம்போல் வாழும் ஆட்கள் வேண்டுமா, லட்சக்கணக்கான ஆண்டுகள் நீளும் பிரமிப்பு வேண்டுமா? எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான். "கடைசியாக எந்தப் புத்தகத்தைப் பாதியில் வைத்தீர்கள், ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். பிடித்த புத்தகங்களின் பட்டியலைவிட இந்தப் பதில் அதிகம் சொல்லும்.

அடுத்து, முதல் பாகம் என்ற மூடநம்பிக்கை. தொடர் என்றாலே முதல் புத்தகத்தை நீட்டுவது நமக்குப் பழக்கம். இயன் எம். பேங்க்ஸின் 'கல்ச்சர்' வரிசையில் முதலில் வந்தது 1987-இன் 'கன்சிடர் ஃப்ளீபஸ்'. கல்ச்சர் என்னும் அந்த நாகரிகத்தை எதிர்த்து நிற்பவன்தான் அதில் நாயகன், ஆகவே அந்த உலகத்தை எதிரியின் கண் வழியாகத்தான் பார்க்க முடியும். கதையும் அங்கங்கே அலைபாயும். மறுவருடம் வந்த 'த ப்ளேயர் ஆஃப் கேம்ஸ்' அப்படி இல்லை. ஒரு விளையாட்டில் ஜெயிப்பவரே பேரரசர் ஆகும் ஒரு நாட்டுக்கு, கல்ச்சரின் தலைசிறந்த ஆட்டக்காரன் போகிறான். எளிமையான, இறுக்கமான கதை. இந்த வரிசையில் ஒவ்வொரு நாவலும் தனித்து நிற்பதால் இதிலிருந்தே தொடங்கலாம். முதல் நாவலோடு பேங்க்ஸைக் கைவிட்ட பலரை எனக்குத் தெரியும்.

இதைவிட மோசம், கதையின் காலவரிசைப்படி படிக்கச் சொல்வது. ஐசக் அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' கதைகள் 1942 முதல் பத்திரிகையில் வந்தவை. முன்கதையான 'ப்ரீலூட் டு ஃபவுண்டேஷன்' வந்தது 1988-இல். பிந்தைய நாவல்களில் மெல்ல அவிழும் முடிச்சு ஒன்று அதில் முன்கூட்டியே அவிழ்ந்துவிடும். 'டாக்' ஸ்மித்தின் லென்ஸ்மேன் வரிசையில் இன்னொரு வேடிக்கை. 1934-இல் தனிக்கதையாக வந்த 'ட்ரைப்ளேனட்டரி'யை, 1948-இல் புத்தகமாக்கும்போது வரிசையின் முதல் பாகமாகத் திருத்தி ஒட்டினார். வரிசையின் பெரிய ரகசியம் அதன் தொடக்கத்திலேயே போட்டு உடைக்கப்பட்டுவிட்டது. பொதுவாக, வெளிவந்த வரிசையே பாதுகாப்பானது.

செவ்வியல் நாவல்களில் இன்னொரு சங்கடமும் உண்டு. பதினாலு வயதில் நம்மைப் புரட்டிப்போட்ட புத்தகத்தை நாற்பது வயதுக்காரரிடம் கொடுத்துவிட்டு அதே பரவசத்தை எதிர்பார்ப்போம். 'ஃபவுண்டேஷன்' முதல் புத்தகத்தில் பெரும்பாலும் ஆட்கள் அறைகளில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் 2021-இல் தொடங்கிய திரைத்தொடரைப் பார்த்துவிட்டு வருபவர் திகைத்துப்போவார், அவரைக் குறை சொல்ல முடியாது.

திரையிலிருந்து வருபவர்களிடம் இன்னொரு சறுக்கலும் நேரும். 'த எக்ஸ்பான்ஸ்' தொடர் ஆறு சீசனோடு நின்றுவிட்டது, நாவல்கள் ஒன்பது. "நேராக ஏழாவது நாவலுக்குப் போங்கள்" என்று சொல்லத் தோன்றும். போனால், திரையில் இறந்துபோன ஒருவர் அங்கே உயிரோடு நடமாடிக்கொண்டிருப்பார். 2011-இல் வந்த 'லெவையத்தன் வேக்ஸ்' முதலே படிப்பதுதான் உத்தமம்.

விருது வாங்கியது, எல்லோரும் பேசுவது என்பதற்காகவும் சொல்லிவிடுகிறோம். லியு சிஷினின் 'த்ரீ பாடி ப்ராப்ளம்' அருமையான நாவல்தான், ஆனால் முதல் பாகத்தின் பெரும்பகுதி பூமியிலேயே நடக்கிறது. விண்மீன்களுக்கு நடுவே கப்பல்கள் மோதுவதைக் கேட்டு வந்தவருக்கு அது ஏமாற்றம்தான். தொடருக்கெல்லாம் நேரமில்லை, ஒரே புத்தகத்தில் முடிய வேண்டும், ஆனால் பிரம்மாண்டமாக இருக்க வேண்டும் என்பவருக்கு நான் அலஸ்டர் ரெனால்ட்ஸின் 'ஹவுஸ் ஆஃப் சன்ஸ்' சொல்வேன். ஒளியின் வேகத்தை மீற முடியாத ஒரு விண்மீன் மண்டலத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றி வருபவர்களின் கதை அது. அறுபது லட்சம் ஆண்டு வரலாறு ஒரே நாவலில்.

எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதிலும் குழம்புகிறோம். "கடைசியில் ஒரு அதிர்ச்சி இருக்கு, நான் சொல்லல" என்பதே பாதி அதிர்ச்சியைச் சொல்லிவிடுவதுதான். ஆனால் வாசிப்புக்குத் தடையாக இருக்கக்கூடியதை மறைக்கக் கூடாது. ஆன் லெக்கியின் 'ஆன்சிலரி ஜஸ்டிஸ்' நாவலில், கதைசொல்லியின் மொழியில் ஆண் பெண் பேதம் கிடையாது. ஆங்கிலத்தில் எல்லோரையும் 'அவள்' என்றே குறிப்பிடும். நம்முடைய 'அவர்' கையில் இருந்திருந்தால் அந்தக் குழப்பமே எழுந்திருக்காது (எழாமல் போனால் நாவலின் ருசியில் பாதி போய்விடும் என்பது வேறு விஷயம்). இதை முன்கூட்டிச் சொன்னால் எதுவும் கெடாது. முதல் ஐம்பது பக்கத்தை ஒருவர் எளிதாகத் தாண்டிவிடுவார்.

சரி, அந்தத் தோழி விஷயம். பிறகொரு நாள், எந்தப் புத்தகத்தைப் பாதியில் வைத்தீர்கள் என்று கேட்டேன். "ஆட்கள் சிரிக்கவே சிரிக்காத புத்தகம் எதையும் என்னால் முடிக்க முடியாது" என்றார். லோயிஸ் மக்மாஸ்டர் புஜோல்டின் 'த வாரியர்ஸ் அப்ரென்டிஸ்' கொடுத்தேன். எலும்புகள் எளிதில் முறியும் உடம்போடு ராணுவத் தேர்வில் தோற்ற ஒரு பையன், ஒரு பொய்யைச் சமாளிக்க அடுத்த பொய் என்று சொல்லிச் சொல்லியே ஒரு கூலிப்படைக்குத் தலைவனாகிவிடும் கதை. இப்போது அந்த வரிசையில் ஐந்தாவது புத்தகத்தில் இருக்கிறார். 'ஹைப்பீரியன்' இரண்டாம் பாகத்தை மட்டும் இன்னும் கேட்கவில்லை.