இழவு வீட்டிலிருந்து ஒரு பேய்க்கதை: முதன்முதலாக எழுதுபவர்களுக்கு

காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாட்டுப் பக்கம் தனியாக வந்த சார்ங்கலன் என்ற பையன், பிணத்தின் தலையைக் கையில் ஏந்திக் கூத்தாடும் பேய்மகளைப் பார்த்துவிடுகிறான். வீட்டுக்கு ஓடிவந்து, சுடுகாட்டுப் பேய்க்கு உயிரைக் கொடுத்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் செத்துப்போகிறான். மணிமேகலையின் ஆறாவது காதையில் வருவது இது. பேயின் வேலை அதோடு முடிந்தது. நெஞ்சைப் பிடிப்பது அதற்கப்புறம்தான். தாய் கோதமை மகன் உடலைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் சுடுகாட்டு வாசலுக்குப் போய், சம்பாபதித் தெய்வத்தைக் கூப்பிட்டு நியாயம் கேட்கிறாள்.

நாம் எழுதிப் பழகப் போவதும் அப்படிப்பட்ட கதைதான். பேயைவிடப் பேயைக் கூப்பிடுகிறவள்தான் இதில் முக்கியம்.

படி 1: ஒரு பொருளைக் கையில் எடுங்கள்

பேயைப் பற்றி இப்போதைக்கு நினைக்கவே வேண்டாம். இறந்தவர் விட்டுப்போன ஒரு பொருள் போதும். மூக்குக்கண்ணாடி, செருப்பு, பாதி தீர்ந்த தைலப் புட்டி, எதுவானாலும் சரி. நான் எடுத்துக்கொள்வது மாத்திரை டப்பா. ஞாயிறு முதல் சனி வரை ஏழு அறை இருக்குமே, அது. அப்பா செவ்வாய்க்கிழமை மதியம் போய்விட்டார். ஞாயிறு, திங்கள், செவ்வாய் காலி. புதன், வியாழன், வெள்ளி, சனி நிறைந்திருக்கின்றன. என் அப்பாவின் டப்பா இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அதைத் திறக்கும்போது வரும் அந்தச் சின்ன ‘டக்’ சத்தத்துக்கு ஈடான பயங்கரத்தை நான் எந்தக் கற்பனையிலும் கண்டதில்லை.

இந்தப் பொருளே கதைக்கு அளவையும் கொடுத்துவிட்டது. நான்கு அறை, நான்கு இரவு.

படி 2: ஆசையை ஒரே வரியில் எழுதுங்கள்

கோதமையின் ஆசை: என் உயிரை எடுத்துக்கொண்டு இவன் உயிரைக் கொடு. நம் கதையின் மகளுக்குச் செல்வி என்று பெயர் வைப்போம். அவள் ஆசை: அப்பா ஒரே ஒரு தடவை வந்து மாத்திரை போட்டுக்கொண்டால் போதும். அன்று காலை மாத்திரை எடுத்துத் தர அவர் கூப்பிட்டபோது அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். ‘அப்பா திரும்பி வர வேண்டும்’ என்று மொட்டையாக எழுதினால் கதை நகராது. குற்ற உணர்ச்சி ஒட்டிய ஆசையாக இருக்கட்டும்.

படி 3: ஒரு விதி, ஒரு விலை

தொடக்கத்தில் பலரும் தடுக்கி விழும் இடம் இது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். மாய உலகம் என்றதும் மந்திரவாதி, சாபம், ஏழு தலைமுறைப் பகை என்று அடுக்கத் தோன்றும். வேண்டாம். நம் ஊர் வழக்கத்திலேயே விதி இருக்கிறது. இழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் “போயிட்டு வரேன்” என்று சொல்வதில்லை. பேசாமல் எழுந்து போய்விடுவார்கள். மற்ற நாளெல்லாம் வாசலில் நின்று சொல்லும் வார்த்தைதான் அது. பாடையைத் தூக்குகிறார்கள். செல்வி, தினமும் அப்பா வெளியே கிளம்பும்போது சொல்கிற பழக்கத்தில், “போயிட்டு வாங்கப்பா” என்று சொல்லிவிடுகிறாள். கூட்டம் ஒரு நொடி நிற்கிறது. அவ்வளவுதான் விதி: சொன்னால் வருவார்.

விலை, அவள் காப்பாற்ற நினைப்பதையே தின்ன வேண்டும். அப்பா வரும் ஒவ்வொரு இரவும் அவரைப் பற்றிய ஒரு நினைவு அவளிடமிருந்து போகும்.

விதியை யாருக்காகவும் தளர்த்தாதீர்கள். உயிருக்கு உயிர் என்று கோதமை மன்றாடும்போது சம்பாபதி காட்டுவது அந்தச் சுடுகாட்டையே. அரசர்களுக்காக உயிரைக் கொடுக்க ஆளா இல்லை, ஆனாலும் இங்கே இறந்துபோன அரசர்களுக்கு ஆயிரம் கோட்டங்கள் (நினைவுக் கோயில்கள்) இருக்கின்றனவே என்கிறாள். ஒரு தாயின் அழுகைக்கு முன்னால் இவ்வளவு கல்லாக ஒரு பதில். அந்தக் காட்சி இன்றும் நடுங்க வைப்பது அதனால்தான்.

படி 4: சின்னதாகக் காட்டுங்கள்

முதல் இரவை நான் இப்படி எழுதுவேன்:

“புதன் விடியற்காலை. அடுப்பு எரியாத சமையலறைக்குத் தண்ணீர் குடிக்க வந்தாள். டப்பாவில் புதன் அறை திறந்து கிடந்தது. பக்கத்தில் டம்ளர். பாதித் தண்ணீர் மிச்சம். அப்பா எப்போதும் பாதிதான் குடிப்பார். ‘செல்லப்பேர் ஒண்ணு வெச்சிருந்தாரே உனக்கு, என்னடி அது?’ என்று கூடத்திலிருந்து அத்தை கேட்டாள். செல்வி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.”

அப்பாவை இன்னும் காட்டவில்லை, கவனியுங்கள். ‘பயந்துபோனாள்’ என்ற சொல்லும் இல்லை. வியாழனும் வெள்ளியும் வேகமாகப் போகட்டும்.

படி 5: தொல்காப்பியத்தோடு ஒத்துப் பாருங்கள்

எழுதி முடித்ததும் இதைச் செய்யுங்கள். மெய்ப்பாடு (உடலில் வெளிப்படும் உணர்ச்சி) எட்டில் அழுகைக்கும் அச்சத்துக்கும் தொல்காப்பியர் நான்கு நான்கு நிலைக்களன், அதாவது அவை பிறக்கும் இடம், சொல்கிறார். அழுகைக்கு இளிவு (இகழப்படுவது), இழவு, அசைவு (தளர்ச்சி), வறுமை. அச்சத்துக்கு அணங்கு (பேய், தெய்வம் போன்றவை), விலங்கு, கள்வர், தம் இறை (அரசன்). நம் கதைக்கு வேண்டியவை இழவும் அணங்கும். ஒவ்வொரு காட்சியின் ஓரத்திலும் எது இருக்கிறது என்று பென்சிலால் குறியுங்கள். அணங்கு மட்டும் இருக்கும் காட்சி வெறும் மிரட்டல், அடித்துவிடலாம். இழவு மட்டும் இருப்பதை நான் வெட்டச் சொல்ல மாட்டேன், ஆனால் இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் சுருக்குங்கள். பாதித் தண்ணீரில் இரண்டும் இருக்கின்றன.

படி 6: முடிவு

கோதமைக்காக எல்லாத் தெய்வங்களும் வந்து, முடியாது என்றே சொல்கின்றன. அவள் மகனை ஈமத்தீயில் இட்டுத் தானும் உயிரை விடுகிறாள். உங்கள் கதையிலும் பேயை விரட்ட யாரையும் கூட்டி வராதீர்கள். முடிவு அவள் கையில்தான் இருக்க வேண்டும்.

சனி இரவும் கழிந்தது. டப்பா காலி. இனி அவள் நிரப்பினால்தான் அப்பா வருவார். மாத்திரை அட்டையை எடுத்து, ஞாயிறு அறைக்கு மேல் வைத்து, கட்டைவிரலால் அழுத்துகிறாள். எதிரே மாலை போட்ட படம். யார் இவர் என்று ஒரு கணம் பார்க்கிறாள். பிறகு திங்கள் அறையைத் திறக்கிறாள்.