பதற்றத்தில் நெஞ்சு படபடக்கிறதா? அந்த நேரத்தில் செய்ய வேண்டியவை, படிப்படியாக

நெஞ்சு திடீரென்று படபடவென அடிக்கத் தொடங்கியதும் மனதில் முதலில் வரும் கேள்வி, "இது ஹார்ட் அட்டாக்கா?" என்பதுதான். அந்தக் கேள்வி வந்த உடனே துடிப்பு இன்னும் கூடும். கூடியதைக் கவனித்ததும் பயம் இன்னொரு படி ஏறும். பதற்றத்தால் வரும் படபடப்பு நீண்டுகொண்டே போவதற்கு இந்தச் சுழல்தான் பெரிய காரணம். துடிப்பை அடக்கப் பார்க்காமல் சுழலை அறுப்பது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை

படபடப்போடு நெஞ்சில் பாரமோ வலியோ இருக்கிறது, அது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுகிறது, மயக்கம் வந்துவிட்டது அல்லது வரப் போகிறது, உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்குகிறது என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம். உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். பதற்றத்திலும் நெஞ்சு வலிக்கும், உண்மைதான். ஆனால் எது எதனால் என்று வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களும், குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தால் அவர்களும், இதில் உள்ள எதையும் முயல்வதற்கு முன் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

படி 1: உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

பயம் வந்ததும் சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் விடுகின்றன. ஓடவோ எதிர்த்து நிற்கவோ தசைகளுக்கு இரத்தம் வேண்டும் என்று இதயம் வேகமெடுக்கிறது. சும்மா இருக்கும்போது பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிப்பது வழக்கம். பதற்றத்தில் அது 100-ஐத் தாண்டும். படியேறினால் 120, 130 வருவதைப் போலத்தான் இதுவும். ஆரோக்கியமான இதயம் இந்த வேகத்தைத் தாங்கும்.

இரத்தத்தில் கலந்த அட்ரினலின் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். கடுமையான பதற்றத் தாக்குதல்கூடப் பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கத் தொடங்கும். புதிதாகப் பயந்தால் புதிதாகச் சுரக்கும்.

படி 2: நாடியை ஒரே ஒரு தடவை பாருங்கள்

ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் வையுங்கள். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது, அதன் சொந்தத் துடிப்பே குழப்பிவிடும். 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். எண்ணும்போது தாளம் சீராக இருக்கிறதா, அல்லது தாறுமாறாக விட்டுவிட்டு அடிக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டையும் நேரத்தோடு குறித்து வையுங்கள், டாக்டருக்குப் பயன்படும்.

அதோடு சரி. ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருந்தால் கழற்றி வேறு அறையில் வைத்துவிடுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைப் பார்ப்பது நிம்மதிக்காகத்தான் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் "ஆபத்து இருக்கலாம்" என்ற செய்திதான் மூளைக்குப் போகிறது.

படி 3: மூச்சை வெளியே விடுவதில் கவனம் வையுங்கள்

எல்லாப் படிகளிலும் முக்கியமானது இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

"நல்லா மூச்சை இழுத்து விடு" என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் பாதி தவறு. பதற்றத்தில் நாம் ஏற்கெனவே தேவைக்கு மேல் மூச்சு விட்டுக்கொண்டிருப்போம். அதனால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, விரல் நுனிகளும் உதடும் மரத்துப்போகும், தலை கிறுகிறுக்கும். அதன்மேல் பெரிது பெரிதாக இழுத்தால் கிறுகிறுப்பு கூடத்தான் செய்யும். வாயில் பேப்பர் பையை வைத்து மூச்சு விடும் பழைய வழியும் வேண்டாம். பிரச்சினை உண்மையில் இதயத்திலோ நுரையீரலிலோ இருந்தால் அது ஆபத்தாகிவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். நாற்காலியில் சாய்ந்து உட்காருங்கள். காதை நோக்கித் தூக்கிக்கொண்டிருக்கும் தோள்களைக் கீழே விடுங்கள். ஒரு கையை வயிற்றின் மேல் வையுங்கள். உள்ளே இருக்கும் காற்றை முதலில் மெதுவாக வெளியே விடுங்கள். பிறகு மூக்கு வழியாக, சாதாரண அளவில், நான்கு எண்ணும் வரை உள்ளே. உதட்டைக் குவித்து, விளக்குச் சுடரை அணைக்காமல் அசைய மட்டும் வைப்பது போல, ஆறு எண்ணும் வரை வெளியே. ஒரு சுற்றுக்கு 10 விநாடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஐந்து நிமிடம் தொடருங்கள். ஆறு எண்ணும் வரை வெளியே விட முடியாவிட்டால் மூன்று உள்ளே, நான்கு வெளியே என்று தொடங்கலாம். உள்ளே போவதைவிட வெளியே விடுவது நீளமாக இருந்தால் போதும்.

இது வேலை செய்வதற்குக் காரணம் உண்டு. மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு, நாம் மூச்சை வெளியே விடும்போது இதயத்தை மெதுவாக்குகிறது. உள்ளே இழுக்கும்போது அந்தப் பிடி தளர்கிறது. மனம் அமைதியாக இருக்கும் ஒரு நாளில், நாடியில் விரல் வைத்துக்கொண்டு நீளமாக மூச்சு விட்டுப் பாருங்கள். மூச்சு வெளியேறும்போது துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி கூடுவதைப் பலரால் விரலிலேயே உணர முடியும். முதல் பயிற்சியை அப்படி ஒரு நாளில்தான் செய்ய வேண்டும். பதற்றத்தின் உச்சத்தில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வது கடினம்.

படி 4: துடிப்பை அதன் போக்கில் விடுங்கள்

மூச்சு நிதானத்துக்கு வந்தும் நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கலாம். "இன்னும் நிற்கவில்லையே" என்று காத்திருக்காதீர்கள். "இது அட்ரினலின். அடிக்கட்டும், தானாக இறங்கும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, செய்துகொண்டிருந்த வேலைக்குத் திரும்புங்கள். முடிந்தவரை அந்த இடத்தைவிட்டு ஓடாதீர்கள். ஓடியதும் படபடப்பு குறைந்தால், ஓடியதால்தான் தப்பித்தோம் என்று மூளை கற்றுக்கொள்ளும். அடுத்த முறை அந்த இடமே பயமுறுத்தும்.

படி 5: தூண்டிவிடும் பொருட்களைக் கவனியுங்கள்

காபியில் உள்ள காஃபின் பாதி அளவுக்குக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். சாயங்காலக் காபி ராத்திரிப் படபடப்பாக வரலாம். எனர்ஜி டிரிங்க், சிகரெட், மது, தூக்கக் குறைவு, தண்ணீர் போதாமை எல்லாமே துடிப்பை ஏற்றும். மூக்கடைப்புக்கான சில மாத்திரைகளும், ஆஸ்துமா இன்ஹேலரில் உள்ள சால்பியூட்டமாலும் ஏற்றும். இன்ஹேலரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

படி 6: வேண்டுமென்றே நெஞ்சைப் படபடக்க வையுங்கள்

கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் நீண்ட நாள் பலன் வேண்டும் என்றால் இதைத்தான் நான் மிகவும் நம்புகிறேன். இதயம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு, ஒரு நிமிடம் வேகமாகப் படியேறுங்கள், அல்லது நின்ற இடத்திலேயே ஓடுங்கள். நெஞ்சு அடிக்கும்போது நாடியைத் தொடாமல், உட்காராமல், அது இறங்கும் வரை இருங்கள். நாளுக்கு நாள் செய்துவந்தால், வேகமான துடிப்பு என்றாலே ஆபத்து என்ற முடிச்சு தளரும். சிபிடி என்ற சிந்தனை-நடத்தை சிகிச்சையில் பதற்றத் தாக்குதல்களுக்கு இதைப் பயிற்சியாகவே தருகிறார்கள். தனியாகச் செய்யப் பயமாக இருந்தால் ஓர் உளவியல் ஆலோசகரோடு தொடங்குங்கள்.

படி 7: டாக்டரிடம் என்ன சொல்வது

முதல் தடவையாகப் படபடப்பு வந்தவர்களும், அடிக்கடி வருபவர்களும் ஒருமுறையாவது பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இரத்தசோகை, தைராய்டு அதிகமாகச் சுரப்பது, இதயத் தாளக் கோளாறு ஆகியவையும் இப்படியே தோன்றும். பதற்றத் துடிப்பு பெரும்பாலும் படிப்படியாக ஏறிப் படிப்படியாக இறங்கும். சுவிட்ச் போட்டதுபோல் ஒரு நொடியில் தொடங்கி ஒரு நொடியில் நின்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். நீங்கள் போகும் நேரத்தில் துடிப்பு சாதாரணமாக இருந்தால் ஈசிஜியில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அப்போது 24 மணி நேரம் பதிவு செய்யும் ஹோல்டர் கருவி பற்றிக் கேளுங்கள்.

சிலருக்கு ப்ரோப்ரனலால் மாத்திரை எழுதித் தருவார்கள். அது துடிப்பைக் குறைக்கும், ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து. வேறொருவருக்கு எழுதிக் கொடுத்ததை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். படி 2-இல் குறித்து வைத்த எண், நேரம், தாளம், அதற்கு முன் என்ன குடித்தீர்கள், எவ்வளவு தூங்கினீர்கள் என்பதையெல்லாம் ஒரே தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.