தக்காளி மலிவாக இருக்கும்போதே தொக்கு போட்டுவிடுங்கள்

தக்காளி விலை ஒரு மாதம் அடிமட்டத்தில் கிடக்கும், அடுத்த மாதமே எகிறும். மலிவாக இருக்கும்போதே உழவர் சந்தையில் நன்கு பழுத்த நாட்டுத் தக்காளி 2 கிலோ வாங்கிவிடுங்கள். லேசாக நசுங்கியது பரவாயில்லை, அழுகியது வேண்டாம். அரைத்து வைத்துக்கொண்டு, 200 மில்லி நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம் தாளித்து, தக்காளியோடு நெல்லிக்காய் அளவு புளி, உப்பு, மிளகாய்த்தூள் சேர்த்துக் கிளறுங்கள். முதலில் நன்றாகத் தெறிக்கும், மூடியைச் சாய்த்து வையுங்கள். எண்ணெய் ஓரங்களில் பிரிந்து, விழுது சுருண்டு வர வேண்டும். இதில் மட்டும் அவசரம் கூடாது. ஈரம் மிஞ்சினால் பூசணம் பிடித்துவிடும். கடைசியில் வறுத்துப் பொடித்த வெந்தயம். ஆறியதும் கண்ணாடி பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், ஈரக் கரண்டி படவே கூடாது. இட்லி, சப்பாத்தி, தயிர்சாதம் எல்லாவற்றுக்கும் ஆகும். அப்புறம், விலை ஏறிய நாட்களில் ரசத்துக்கும் குழம்புக்கும் தக்காளிக்குப் பதில் இதிலேயே ஒரு ஸ்பூன் கரைத்து விடலாம்.