பாட்டில் உச்சரிப்பு, கதையில் வசனம்

ஆங்கிலம் பழகவென்று ஆங்கிலப் பாட்டைப் போட்டுவிட்டுச் சமையலைப் பார்த்தால் மெட்டு மட்டும்தான் மனதில் நிற்கும். 3 நிமிடத்துக்கு மேற்படாத, ஒரே அடி திரும்பத் திரும்ப வரும் சிறுவர் பாட்டொன்றை எடுங்கள். யூடியூபில் வேகத்தை 0.75 ஆக்கி, வரிகளைப் பார்க்காமல் 2 தடவை கேளுங்கள். பிறகு நிறுத்தி நிறுத்திக் கொப்பியில் எழுதி, அச்சான வரிகளோடு ஒப்பிடுங்கள். திரையில் தானாக ஓடும் எழுத்தை நம்ப வேண்டாம், பாட்டென்றால் அது அடிக்கடி பிழைவிடும்.

நமக்கு நாக்குச் சறுக்குவது சொல்லின் முடிவில். 'புக்' 'புக்கு' ஆகும், 'வோக்ட்' (walked) 'வோக்கெட்' ஆகும். கூடவே பாடினால் அந்த மிகை ஒலி தாளத்தில் இடிக்கும், உடனே பிடிபடும். ஆனால் இலக்கணத்தைப் பாட்டிலிருந்து எடுக்காதீர்கள். சந்தத்துக்காக வினைச்சொல்லையே வளைத்துவிடுவார்கள்.

வசனம் அமைக்கப் பழக ஆங்கிலக் கதைதான். ஒரு பக்கத்தில் தெரியாத சொல் 5ஐத் தாண்டினால் அந்தப் புத்தகத்தை வைத்துவிட்டு இலேசானதை எடுங்கள். படத்தைப் பார்த்து ஊகியுங்கள். அகராதி கதை முடிந்த பிறகு.

மறுநாள் அதே கதையை ஆளையும் இடத்தையும் மாற்றி, ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். கதையில் ஓநாய் வந்தால், அதற்குப் பதிலாகத் திருகோணமலைப் பிரட்றிக் கோட்டை மான் வரட்டும்: வாசலில் நின்றது, வாழைப்பழத் தோலைத் தின்றது, ஓட்டோவைக் கண்டு ஓடியது. எல்லாம் இறந்தகாலம், அதுவும் ஒழுங்கில்லாத வினைகள். சோதனைக்குப் பிள்ளைகள் தடுமாறுவதும் அங்கேதான். நிலாவெளி பஸ்ஸில் போகும்போதுகூட முணுமுணுக்கலாம்.